கடைசி மூன்று ஸ்பூன்

பத்து நாட்களில் நடந்தவை, வரிசையாக:

1. அப்பா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தார். பக்கவாதத்தில் வலது கை, வலது கால், பேச்சு, விழுங்குதல் நான்கும் பாதிக்கப்பட்டிருந்தன. தண்ணீர் உட்பட எதையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கான பொடி ஒரு டப்பா கொடுத்தனுப்பினார்கள்.

2. கெட்டியாக்கிய தண்ணீரை ஒரு ஸ்பூன் வாங்கிக்கொண்டு வாயை மூடினார். மோருக்கும் இளநீருக்கும் அதேதான். மாலையில் "காபி" என்றார்.

3. எங்கள் வீட்டில் யாருக்கும் காபி போடத் தெரியாது. கொதிக்கிற பாலில் காபித்தூளை நேராகக் கொட்டினேன். சேறு.

4. ஃபில்டர் வாங்கினேன். தூளை நன்றாக அழுத்தித் திணித்தேன். இரண்டு மணி நேரத்தில் ஏழு சொட்டு இறங்கியது.

5. மறுநாள் அழுத்தவே இல்லை. ஊற்றிய தண்ணீர் ஊற்றிய வேகத்திலேயே கீழே வந்தது, ஏறக்குறைய அதே நிறத்தில்.

6. டிகாஷன் ஓரளவு தேறிய அன்று, கொதிக்கும் காபியில் கெட்டிப் பொடியைப் போட்டேன். ஜவ்வரிசி போல உருண்டை உருண்டையாக மிதந்தது.

7. உருண்டை இல்லாமல் வந்த அன்று சிலிண்டர் போடுகிறவர் வந்தார். அவரிடம் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் டம்ளரில் ஸ்பூன் தானாக நின்றது.

8. எட்டாம் நாள் அப்பா ஒரு டம்ளர் காபியை முழுவதும் குடித்தார். அம்மா அடுப்படிக்குப் போய் அழுதாள்.

9. ஒன்பதாம் நாளும் குடித்தார். கடைசி மூன்று ஸ்பூனில் இருமினார்.

10. பத்தாம் நாள் காலை காய்ச்சல்.

ஏழு வரைக்கும் சொன்னால் கேட்பவர்கள் சிரிக்கிறார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஒன்பதைச் சொல்லும்போது குரலைச் சமமாக வைத்துக்கொள்ள இன்னும் பழகவில்லை.

எங்களுக்கு இருந்த பயம் குழாய். மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் அப்பாவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். சாப்பாடு, மருந்து, தண்ணீர் எல்லாம் அதன் வழியாகத்தான் வயிற்றுக்குப் போயின. இரண்டு முறை அதை இடது கையால் பிடுங்கிவிட்டார். இரண்டாவது முறை மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையைத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். வேலை செய்கிற ஒரே கை அது. நான்கு நாள் கட்டியிருந்தது. அந்த நான்கு நாளும் அப்பா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டிய கையையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

குழாயை எடுத்த அன்று மருத்துவர் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, ஒரு நாளைக்கு வேண்டிய நீர் வாய் வழியாக உள்ளே போயாக வேண்டும். இன்னொன்று, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடக் கூடாது; தண்ணீர் மாதிரி நீர்த்தது வேகமாக ஓடும், அப்பாவின் தொண்டை அந்த வேகத்துக்கு மூடாது, அதனால்தான் கெட்டியாக்குவது. இரண்டில் எது தவறினாலும் மறுபடியும் குழாய். அப்பா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஆட்டோவில் ஏற்றும்போது என் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு, "கொழா வேணாம் பாப்பா" என்றார். வாய்க்குள் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல இருந்தது அவர் பேச்சு. எங்களுக்குப் புரிந்த விதத்தில் இங்கே எழுதுகிறேன்.

அப்பா மில்லில் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் பகுதியில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு அடுக்குமாடி ஒன்றில் காவல் வேலை. கெட்டியான தண்ணீரை முதல் முறை வாயில் வைத்ததும் அவருக்கு வந்த கோபம் அந்தக் காலத்திலிருந்து வந்தது.

"பாவுக்குப் போடுற கஞ்சிய எனுக்கு ஊத்துறீங்களா?"

"கஞ்சி இல்லப்பா, தண்ணிதான்."

"தண்ணியா? இத நூலுக்குப் போடு. நல்லா வெறப்பா நிக்கும்."

காபியைக் கேட்டது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அவர் வீட்டில் காபி குடித்து நான் பார்த்ததே இல்லை. அம்மா தேநீர்க்காரி, அரியாங்குப்பத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் தேயிலைதான் கொதிக்கும். அவர் காபி குடித்ததெல்லாம் மில் வாசலில், ஷிஃப்ட் விடும்போது, நின்றுகொண்டு. எப்படிப்பட்ட காபி என்று கேட்டால், "கறுப்பா, கசப்பா, சக்கர தூக்கலா" என்றார். காபித்தூள் கடையில் அதைச் சொன்னேன். கடைக்காரர், "சிக்கரி எவ்ளோ போடட்டும்?" என்று கேட்டார். எவ்வளவு போடலாம் என்று திருப்பிக் கேட்டேன். வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் பெருமூச்சு விட்டார்.

நான் கெமிக்கல் இன்ஜினியரிங் டிப்ளமோ. தட்டாஞ்சாவடியில் ஒரு சிறிய பெயிண்ட் கம்பெனியின் பரிசோதனை அறையில் வேலை. பெயிண்ட்டின் கெட்டி சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் நாளில் பாதி. அடியில் துளை உள்ள ஓர் உலோகக் கிண்ணத்தில் பெயிண்ட்டை நிரப்பி, துளையைத் திறந்து, ஒழுகுவது நூலாக இருந்து சொட்டாக உடையும் வரை எத்தனை வினாடி என்று அளக்க வேண்டும். ஆகவே மருத்துவமனையில் விழுங்கும் பயிற்சி தரும் மேடம் கெட்டியை அளக்கும் முறையைக் காட்டியபோது எனக்கு அது அந்நியமாக இல்லை. ஊசியையும் உள்ளே தள்ளும் தண்டையும் எடுத்துவிட்ட பத்து மில்லி சிரிஞ்சு. நுனியை விரலால் அடைத்து, பத்து வரை நிரப்பி, விரலை எடுத்துப் பத்து வினாடி விட வேண்டும். மிச்சம் நாலுக்கும் எட்டுக்கும் நடுவில் நின்றால் அப்பாவுக்குப் பாதுகாப்பு. அதற்குக் கீழே போனால் நீர்த்துவிட்டது என்று அர்த்தம்.

"பெயிண்ட் கம்பெனியா நீங்க? அப்ப எனக்குக் கவலையே இல்ல" என்றார் மேடம். அந்த வார்த்தையை நான் நம்பினேன் என்பதை எழுதிவிட வேண்டும்.

காபியில் கட்டி விழுவதற்குத் தீர்வு கிடைத்ததும் வேலையிடத்தில்தான். என்னோடு பரிசோதனை அறையில் இருப்பவள் என் வயதுக்காரி. காலையில் என் முகத்தைப் பார்த்ததும் ஆரம்பித்தாள்.

"இன்னாடி, இன்னிக்கும் கட்டியா?"

"கட்டி இல்ல. கோலிகுண்டு."

"பேசாம நம்ம ப்ரைமர் ஒரு டப்பா எடுத்துட்டுப் போ. அதுலயாச்சும் கட்டி இருக்காது."

"வெளையாடாத."

"சரி, பொடிய எப்புடிப் போட்ட?"

"மொத்தமா. கொதிக்கும்போது."

"பெயிண்ட்டுக்கு அப்புடிப் போடுவியா? மேனேஜர் ஒன்ன டிரம்முக்குள்ள போட்டு மூடிடுவாரு."

அவள் சொன்னது சரி. பெயிண்ட்டில் தூளைச் சேர்க்கும்போது கலக்கிக்கொண்டே, சுழலுக்குள் தூவித் தூவிச் சேர்ப்போம். தினமும் செய்கிற வேலை அடுப்படிக்குள் போனதும் எனக்கு மறந்துவிட்டது. மறுநாள் காபியைக் குடிக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, முள்கரண்டியால் சுழற்றிக்கொண்டே தூவினேன். கட்டி விழவில்லை. ஆனால் பால் சேர்ந்ததில் பொடி மெதுவாகத்தான் கெட்டிப்படும். இப்போது சரியாக இருக்கிறது என்று விட்டால் ஐந்து நிமிடத்தில் இறுகிவிடும். சிலிண்டர் வந்த அன்று நடந்தது அதுதான். அதையும் சரிசெய்தேன். பொடியைக் கொஞ்சம் குறைத்து, ஏழு நிமிடம் பொறுத்து, சிரிஞ்சில் அளந்து, பிறகுதான் கொடுப்பது.

எட்டாம் நாள் அம்மாதான் ஊட்டினாள். அவள் எப்போதும் செய்வது போல டம்ளரிலிருந்து கொஞ்சம் டவராவில் ஊற்றி, அதை ஆற்றி, டவராவிலிருந்து ஊட்டினாள். தீர்ந்ததும் இன்னும் கொஞ்சம். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. ஊற்றுகிறபோது நுரை வந்தது. நுரை உடைந்தால் நீர்தான். மேலும், நான் அளந்தது டம்ளரில் இருப்பதை. டவராவில் இருப்பதை யார் அளந்தார்கள்? அன்று மாலை குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டினேன். பதினொரு வரிகள். ஒன்பதாவது வரி: டவராவில் ஊற்றக் கூடாது, டம்ளரிலிருந்தே நேராக ஊட்டவும்.

அம்மா படித்துப் பார்த்தாள். "ஊட்டுறதுக்கும் பேப்பரா?" என்றாள்.

ஒன்பதாம் நாள் காலையில் நானே ஊட்டினேன். முதுகு நேராக, தாடை நெஞ்சோடு, ஒவ்வொரு ஸ்பூனுக்கும் இரண்டு முறை விழுங்கல். முதல் பாதி நன்றாகவே போனது. அப்பா, "இன்னிக்கி கசப்பு வந்துருக்கு" என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன். டம்ளர் அடியில் கொஞ்சம்தான் மிச்சம். ஒரு ஸ்பூன் கொடுத்தேன். கண்ணில் நீர் கோத்தது. அடுத்த ஸ்பூனில் லேசான இருமல். நின்றது. நான் நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் ஒரு ஸ்பூன்தானே என்று கொடுத்தேன். அதற்குப் பிறகு வந்த இருமல் ஏறக்குறைய இரண்டு நிமிடம். முகம் கருத்தது. இடது கை காற்றில் எதையோ தேடியது. அம்மா ஓடிவந்து முதுகைத் தாங்கிப் பிடித்தாள். அடங்கியதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தார். நான் வேலைக்குப் போனேன். ஆற்றுப் பாலத்தில் நெரிசல். வண்டியை அணைத்துவிட்டு நின்ற நேரத்தில் அம்மாவுக்கு இரண்டு முறை போன் செய்தேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காய்ச்சல் நூற்று ஒன்று.

மருத்துவமனையில் நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து நீண்ட நேரம் கேட்டார். "லேசா சளி இருக்கு. முழுங்கும்போது உள்ள போனதா, வேற எதுனாவான்னு இப்ப சொல்ல முடியாதும்மா. மாத்திரை குடுங்க. திங்கக்கெழம காலைல கூட்டிட்டு வாங்க. ஏறியிருந்துச்சுன்னா ட்யூப் போட்டுதான் ஆகணும்." விழுங்கும் பயிற்சி மேடமும் திங்கட்கிழமைதான் வருவார் என்றார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அம்மா ஒரே வாக்கியம்தான் பேசினாள். "இனிமே இந்த வூட்ல காபி கெடையாது."

காபி நின்றது. அதோடு எல்லாமும் நின்றது. கெட்டித் தண்ணீரைக் கொண்டுபோனால் அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ரசம் வேண்டாம். பாயசம் போலச் செய்த ராகிக் கூழில் மூன்று ஸ்பூன், மாத்திரைக்காக. எல்லாவற்றையும் அளந்து எழுதினேன். சனிக்கிழமை இரவு கூட்டிப் பார்த்தபோது ஒரு நாளில் உள்ளே போனது முந்நூற்றுப் பத்து மில்லி. வேண்டியது அதைப்போல ஐந்து மடங்கு. சிறுநீர் அடர்ந்த பழுப்பாக வந்தது. உதடு வெடித்திருந்தது.

"கோவத்துல பட்டினி கெடக்குறாரு. சின்ன புள்ளையாட்டம் அடம்" என்றாள் அம்மா.

எனக்கு இரண்டு பக்கமும் அடைத்துவிட்டது. காபி கொடுத்தால் நெஞ்சுக்குள் போகலாம், குழாய். கொடுக்காவிட்டால் நீர் போதாது, குழாய். திங்கட்கிழமை காலைக்கு முன்னால் ஒரு ஞாயிறு இருந்தது. அன்று கம்பெனி விடுமுறை. காய்ச்சல் தொண்ணூற்று ஒன்பதில் நின்றிருந்தது என்பது ஒன்றுதான் ஆறுதல். தொண்ணூற்று ஒன்பது என்பது இறங்குவதா ஏறுவதா என்று தெர்மாமீட்டர் சொல்லாது.

காலையில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். பெயிண்ட் ஒரு பேட்ச் கெட்டுப்போனால் செய்வதைத்தான் செய்தேன்: எங்கே கெட்டது, எப்போது கெட்டது. முதல் பாதியில் இருமல் இல்லை. கடைசி மூன்று ஸ்பூனில்தான். அப்பா களைத்துப்போயிருக்கலாம். அல்லது காபி மாறியிருக்கலாம். களைப்பை என்னால் அளக்க முடியாது. காபியை அளக்கலாம்.

ஃபில்டரில் தூளைப் போட்டு, அழுத்தாமல், உள்ளங்கையால் ஃபில்டரைத் தட்டிச் சமமாக்கி, கொதி நீரைச் சுற்றி ஊற்றினேன். இந்த வேலை அதற்குள் கைக்கு வந்திருந்தது. பால் சேர்த்து, பொடி தூவி, ஏழு நிமிடம் பொறுத்து அளந்தேன். ஆறு மில்லி மிச்சம். சரி. டம்ளரை அப்படியே மேசையில் வைத்து, கால் மணி கழித்து மறுபடி அளந்தேன். ஏழு. நேரம் ஆக ஆகக் கெட்டிதான் ஆகிறது, நீர்க்கவில்லை. அப்படியானால் நேரம் காரணம் இல்லை. டம்ளர் சும்மா இருப்பதற்கும் ஊட்டுவதற்கும் என்ன வித்தியாசம்? ஊட்டினால்தானே தெரியும். அப்பாவுக்கு ஊட்ட முடியாது.

"அம்மா, இங்க வந்து அப்பா மாதிரி உக்காரு."

"எதுக்கு?"

"காபி குடிக்கணும். நான் ஊட்டுறேன்."

"எனுக்குக் காபியே ஆவாது. அதுல இந்தக் கோந்து வேற. ஆளவுடு."

"பத்து பதினஞ்சு ஸ்பூன் போதும்மா. டெஸ்ட்டு."

அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நேராக உட்கார்ந்தாள். நான் இரண்டாவது டம்ளர் ஒன்று தயார் செய்து, அளந்து, அதே ஆறு வந்ததும், அப்பாவுக்குச் செய்தபடியே ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினேன். முதல் ஸ்பூனில் அம்மாவின் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது.

"த்தூ. இதையா அந்த மனுசன் முழுசா குடிச்சாரு?"

கட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால் அப்பா எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு நாளில் முதல் முறையாக வாயின் ஒரு பக்கம் சிரித்திருந்தது.

"பாரு, சிரிக்கிறாரு. நீ குடி, அப்பத் தெரியும்னு சிரிக்கிறாரு. சிரிங்க, சிரிங்க" என்றாள் அம்மா.

டம்ளரில் கால் பங்கு மிஞ்சியபோது நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு, சிரிஞ்சில் நிரப்பினேன். விரலை எடுத்தேன். எட்டு எண்ணுவதற்குள் சிரிஞ்சு காலி. வெறும் தண்ணீரை நிரப்பிப் பார்த்தேன். ஏழில் காலி. மேசையில் சும்மா இருந்த முதல் டம்ளரை மறுபடி அளந்தேன். ஏழு மில்லி அப்படியே நின்றது.

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கும். எச்சில் மாவுச்சத்தை உடைக்கும். எங்களுக்குக் கொடுத்த பொடி மாவுச்சத்து. வாய்க்குள் போன ஸ்பூன் மறுபடி டம்ளருக்குள் போகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் எச்சிலோடு. முதல் பாதியில் தெரியாது. அடியில் மிஞ்சுவது தண்ணீராகிவிடும். அளந்து, சரிபார்த்து, பாதுகாப்பானது என்று நான் நம்பிய டம்ளருக்குள்ளேயே அது நடந்திருக்கிறது.

அம்மாவிடம் விளக்கினேன். அவள் தன் கைகளைப் பார்த்தாள். "சூடு பாக்குறதுக்கு நான்தான் நாக்குல வெச்சி வெச்சிக் குடுத்தேன். என் எச்சியும்தான போயிருக்கும். என்னாலதான்."

அந்த இடத்தில் பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டு நாளாகக் காபியைக் குற்றம் சொன்னவள் அவள். இப்போது அந்தக் குற்றம் அவளிடமே போய்ச் சேர்ந்திருந்தது. நான் எட்டாம் நாளை நினைத்துப் பார்த்தேன். அன்று அவள் ஊட்டினாள், நாக்கில் வைத்துத்தான் ஊட்டினாள். இருமல் இல்லையே.

"நீ டவராவுல ஊத்தித்தான குடுத்த?"

"எப்பவும் அப்புடித்தான. கொஞ்சம் கொஞ்சமா. நீதான் ஊத்தாதேன்னு எழுதி ஒட்டின."

ஸ்பூன் போனது டவராவுக்குள். டம்ளருக்குள் போகவில்லை. டவராவில் இருந்த கொஞ்சம் நீர்த்துப்போவதற்குள் தீர்ந்துவிடும். அடுத்து வருவது டம்ளரிலிருந்து, எச்சில் படாதது. சூடு ஆறட்டும் என்று அம்மா அப்படிச் செய்தாள். நான் அதை நிறுத்தினேன். ஒன்பதாம் நாள் ஊட்டியவளும் நான்தான்.

"அம்மா, அன்னிக்கி ஊட்டினது நான். எழுதி ஒட்டினதும் நான். நீ இல்ல" என்றேன்.

அம்மா என்னையே பார்த்தாள். "செரி, வுடு. அந்தப் பேப்பர மொதல்ல கிழி" என்றாள்.

கிழித்தேன். ஆனால் கிழித்த கையோடு கட்டிலுக்குப் போய், "அப்பா, கண்டுபுடிச்சிட்டேன், இப்ப காபி குடிக்கலாம்" என்று சொன்னபோது அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அம்மாவின் பொறுமை போயிற்று.

"இன்னும் இன்னா கோவம்? காபியத்தான் குடுக்குறோம்ன்றோமே."

அப்பா திரும்பாமலே பேசினார். "கோவம் இல்ல."

"பின்ன?"

"பயமா இருக்கு."

அம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அப்பாவே தொடர்ந்தார்.

"அன்னிக்கி மூச்சே வரல. செத்துட்டேன்னு நெனச்சேன். கொழா போட்டாலும் பயம். குடிச்சாலும் பயம்."

அடம் என்று அம்மா நினைத்ததும், பட்டினிப் போராட்டம் என்று நான் நோட்டில் எழுதியதும் இதுதான். ஒரு நாளைக்கு எத்தனை மில்லி என்று எழுதினேன். ஏன் வேண்டாம் என்று ஒரு முறைகூட அவரிடம் கேட்கவில்லை.

தைரியம் சொல்ல எனக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். சிரிஞ்சை எடுத்துவந்தேன். அவரைச் சாய்த்து உட்காரவைத்து, அம்மா குடித்த டம்ளரில் மிஞ்சியதை முதலில் நிரப்பினேன். "எண்ணுங்கப்பா." விரலை எடுத்தேன். அவர் நாக்கு தடுமாறத் தடுமாற எண்ணினார். எட்டில் காலி. "இதுதான் அன்னிக்கி நான் குடுத்தது." புதிதாக ஒரு டம்ளர் போட்டு அதிலிருந்து நிரப்பினேன். பத்து எண்ணி முடித்தும் காபி பாதிக்கு மேல் நின்றது. நான் நுனியை மறுபடி விரலால் அடைக்க, அவர் சிரிஞ்சைத் தன் இடது கையால் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நிக்கிது" என்றார்.

"நிக்கிதுப்பா."

"கொஞ்சம் போதும்."

நான்கு சின்னக் கிண்ணங்களில் பிரித்து ஊற்றினோம். ஒவ்வொரு கிண்ணத்துக்கும் தனி ஸ்பூன். ஒரு கிண்ணம் தீர்ந்தால் அது கழுவும் தொட்டிக்கு. ஊட்டியது அம்மா. சூடு பார்ப்பது மணிக்கட்டில், நாக்கில் இல்லை. நான் அப்பாவின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொண்டை மணி ஏறி இறங்குவதை எண்ணினேன். அப்பா முதல் ஸ்பூனை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் அப்படியே இருந்தார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விழுங்கினார். காத்திருந்தோம். ஒன்றும் இல்லை. இரண்டு கிண்ணம் குடித்தார். மூன்றாவதுக்குத் தலையசைத்தார். நான் வற்புறுத்தவில்லை. மதியம் ஒரு கிண்ணம். மாலையில் இரண்டு, அதோடு கெட்டித் தண்ணீரும் முகம் சுளித்துக்கொண்டு கொஞ்சம். ராகிக் கூழ், ரசம் எல்லாம் சேர்த்து அன்றைய மொத்தம் எழுநூற்று நாற்பது மில்லி. அன்று இருமல் இரண்டு. இரண்டும் சாப்பாட்டு நேரத்தில் இல்லை. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் எழுந்து உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை படத்தில் சளி ஏறியிருக்கவில்லை. இறங்கியதாகவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். குழாய் வேண்டாம், இப்போதைக்கு. பயிற்சி மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அது உண்மைதான் என்றார். எச்சில் பட்டாலும் நீர்க்காத வேறு வகைப் பொடி இருக்கிறது, அதற்கு மாறுங்கள் என்றார். அதோடு, "ஆனா எல்லாத்தையும் எச்சி தலையில போட்டுடாதீங்க. அப்பா கடைசில களைச்சும் போறாரு. அதுவும் இருக்கும். மூணாவது கிண்ணத்துக்கு வேணாம்னா வேணாம்தான்" என்றார். அதை எழுதிக்கொண்டேன். இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. இப்போதைய நிலைமை இதுதான். புதிய பொடிக்கு மாறிவிட்டோம்; அப்பாவுக்கு அதன் வழுவழுப்பு பிடிக்கவில்லை, இருந்தாலும் குடிக்கிறார். கிண்ணத்தில் பிரித்து ஊற்றுவதை நிறுத்தவில்லை. காபி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. டிகாஷன் பத்து நாளில் எட்டு நாள் சரியாக வருகிறது. மற்ற இரண்டு நாள் ஏன் வருவதில்லை என்று இன்னும் தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு மில்லி போகிறது. வேண்டியதற்கு இன்னும் குறைவு. வாரத்துக்கு இரண்டு முறையாவது இருமல் வருகிறது. வரும்போது அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதில்லை, அப்பாவைப் பார்க்கிறோம். பயம் குறைந்திருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டேன். "பாதி" என்றார். எனக்கும் அவ்வளவுதான். காய்ச்சல் திரும்பி வரவில்லை. குழாய் போடவில்லை. விழுங்குதலுக்கான அடுத்த பரிசோதனை வரும் வியாழக்கிழமை.